இலவந்திகையும் உவவனமும்: சிகிரியாச் சோலை பற்றிய ஒரு நோக்கு

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிற் புகார் நகரத்துச் சோலைகள் சில எண்ணப்படுகின்றன. மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலைக்கு எச்சோலை தக்கதெனச் சுதமதி ஆராய்கின்றாள். இலவந்திகை வேந்தனுக்கு உரியது; ஆங்கு அவன் பரிவாரத்தார் இருப்பர்; ஆதலின் அது விலக்கப்படுகின்றது. புத்தன் அருளால் என்றும் பூத்திருக்கும் உவவனமே கொள்ளப்படுகின்றது. அரசன் சோலை வேறு, அறவோர் சோலை வேறு என்பது சாத்தனார் காட்டும் பாகுபாடு.

இப்பாகுபாட்டைச் சோதித்தற்கு ஏற்ற இடம் நம் நாட்டில் ஒன்றுண்டு. அது சிகிரியா. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபறணை வழியாக ஆண்டுதோறும் மாணவரை ஆங்கு அழைத்துச் செல்கின்றோம். ஓவியங்களை நோக்கி விரைகின்றோம். குன்றின் உச்சியை அடைகின்றோம். கீழேயுள்ள சோலையை வெறும் நடைவழியாகக் கருதிக் கடந்துவிடுகின்றோம். முன்னோரும் இதில் நமக்கு இளைத்தவரல்லர். கண்ணாடிச் சுவரிற் பழங்காலத்தார் பொறித்த பாடல்களுள் 685ஐப் பரணவிதான 1956இல் வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை ஓவிய மகளிரையே பாடுகின்றன.

மேற்கு அகழியைக் கடந்ததும் காண்பது நீர்ச்சோலை. நேர்கோட்டின் இருபுறமும் ஒத்த வாவிகள். நடுவே ஒரு தீவு. அதனைச் சூழ நான்கு குளங்கள். (வாவியென்றால் நமக்கு உப்பேரியே நினைவுக்கு வரும், நூல்வழக்கில் அச்சொல் குளத்தையே குறிக்கும்.) துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளின் வழியே நீர் பீறிடுகின்றது. இயந்திரம் எதுவுமில்லை, உயரத்தினின்று இறங்கும் நீரின் அழுத்தமே அதனை எழுப்புகின்றது. மாரிகாலத்தில் அவ்வூற்றுக்கள் இன்றும் எழுகின்றன. அளவும் ஒழுங்கும் அமைந்த இது ஐயத்துக்கிடமின்றி இலவந்திகையே. காசியப்பன் ஆளகமந்தா, அதாவது குபேரனது அளகாபுரி, போன்றதொரு மாளிகையை இங்கு அமைத்தான் என்று சூளவம்சம் கூறும்.

அதனை அடுத்தது பாறைச்சோலை. இங்கு நேர்கோடு இல்லை. பெரும்பாறைகள் கிடந்தவாறே கிடக்க, வழி அவற்றிடையே வளைந்தும் நுழைந்தும் செல்கின்றது. என் மதிப்பில் இதுவே மேலான கலை. நீர்ச்சோலையில் நிலம் மனிதனுக்கு அடங்கியது. இங்கு மனிதன் நிலத்துக்கு இணங்கினான். பாறைகளின் அடியிலே துறவியர் குகைகள் உள்ளன. அவற்றைச் சங்கத்துக்கு ஈந்தோரின் பிராமிச் சாசனங்கள் கிறித்துவுக்கு முன்னரே பொறிக்கப்பட்டவை. எனவே வேந்தன் வருமுன்னரே இஃது உவவனமாயிருந்தது.

ஆயினும் பாறைச்சோலை முழுவதும் துறவியர் ஆக்கமென்று கூறுதல் பொருந்தாது. பாறைகளின் மேற் காணும் வெட்டுக்கள் செங்கற் சுவருக்கும் மரத்தூணுக்கும் இடமாயிருந்தவை. அவற்றுட் பல அரசன் காலத்தன என்பர். சுதமதி பிரித்துக் காட்டிய இரு சோலைகளும் இங்கு ஒன்றினுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. காப்பியத்திலும் உவவனம் முற்றும் காவலுடையதாக இருந்ததில்லை என்பதை நினைத்தல் வேண்டும். மணிமேகலையைத் தேடி உதயகுமரன் அவ்வனத்துட் புகுகின்றான். பளிக்கறை ஒன்றே அவளுக்கு அரணாகின்றது. அரசகுமரன் புகுந்து மீண்டான். காசியப்பனோ புகுந்து தங்கினான்.

தங்கியது எத்துணைக் காலம்? 477 முதல் 495 வரை, பதினெட்டு ஆண்டுகள். தந்தையைக் கொன்று முடிசூடியவன் தம்பி மொகல்லானன் படையோடு வர மாண்டான். மொகல்லானன் இவ்விடத்தைப் பிக்குகளுக்கு அளித்தான். பின்னர்ப் பல நூற்றாண்டுகள் இது மீண்டும் பள்ளியாகவே விளங்கிற்று. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபோதோ இது பண்டை நகரம் என்ற பெயரையே பெற்றது. நம் மாணவர் குறிப்பேடுகளிலும் காசியப்பன் கதையே பக்கங்களை நிரப்புகின்றது. பள்ளிக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது.

அடுத்த முறை செல்வோர் படியேறுமுன் நாகபடக் குகையின் முன் சற்றே நிற்பாராக. மழைநீர் உள்ளே வடியாதவாறு அதன் வாயின் மேல் விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். அதனை அண்மித்துப் பிராமி எழுத்துக்களும், உட்கூரையில் மங்கிய வண்ணமும் காணப்படும். எழுத்துத் துறவியர் காலத்தது, வண்ணம் பிற்பட்டது.