புள்ளும் தொழிலும்: திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து மாணவர் காட்டுயிர் வரைபடங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பறவைகளையும் பிற உயிரினங்களையும் கண்ட இடங்களை மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கும் செயல்திட்டங்கள் கல்வி நிறுவனங்களில் பரவி வருகின்றன. இவ்வரைபடங்கள் உயிரினத்தைக் குறிக்கும் அளவுக்கு, அதன் வாழிடத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல மனிதத் தொழிலைக் குறிப்பதில்லை. இக்குறையை நஞ்சராயன் குளம், ஒரத்துப்பாளையம் அணை, காங்கேயம் கொரங்காடு ஆகிய மூன்று வாழிடங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்டுயிர் வரைபடம், கருப்பொருள், நஞ்சராயன் குளம், நொய்யல், கொரங்காடு.

முன்னுரை

வரைபடமும் ஒரு பனுவலே. எதைக் குறிப்பது, எதை விடுப்பது, எந்நிறத்தால் எதைச் சுட்டுவது என்னும் தெரிவுகளால் அது உருவாகிறது. எனவே அதுவும் திறனாய்வுக்கு உரியதாகிறது. இ-பேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களும் 2015 முதல் தமிழகத்தில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் மாணவர்களைத் தரவு திரட்டுவோராக மாற்றியுள்ளன. திரட்டிய தரவு வரைபடத்தில் புள்ளிகளாக அமைகிறது. ஒரு புள்ளி, ஓர் உயிரினம், ஒரு நாள் என்பதே இவ்வகைப் பனுவலின் பொது இலக்கணம் எனலாம்.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாக வகுக்கிறது. அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தைச் சூழலியல் அளவுகோலாக அப்படியே மாற்றிவிட இயலாது. எனினும் அப்பகுப்பில் ஒன்று கருதத்தக்கது: பறவையும் அந்நில மாந்தரின் தொழிலும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. மாணவர் வரைபடம் பறவையை எடுத்துக்கொண்டு தொழிலை விட்டுவிடுகிறது. பின்னலாடைத் தொழிலால் உருமாறிய திருப்பூர் வட்டாரத்தில் இவ்விடுபாடு பெருங்குறையாகிறது.

நஞ்சராயன் குளம்: எண்ணிக்கை காட்டாதது

திருப்பூர் நகரை ஒட்டி, ஊத்துக்குளி வட்டத்தில் 125.865 ஹெக்டேர் பரப்பில் நஞ்சராயன் குளம் அமைந்துள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் செப்பனிட்டதாகக் கூறப்படும் மன்னன் நஞ்சராயனின் பெயரால் இது வழங்குகிறது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 191 பறவையினங்களும் 87 வண்ணத்துப்பூச்சியினங்களும் இங்குப் பதிவாகியுள்ளன. ஒரு நாள் களப்பயணத்திலேயே வரைபடத்தைப் புள்ளிகளால் நிரப்ப இக்குளம் இடமளிக்கிறது.

ஆயினும் அப்புள்ளிகள் குளத்தின் உடல்நிலையைக் கூறுவதில்லை. குளத்தின் நீர் நல்லாற்றின் வடிகால் வழி வரும் மழைநீரைப் பெரிதும் சார்ந்தது. வடிகால் எவ்வெவ்விடங்களைத் தொட்டு வருகிறது என்பதே குளத்து நீரின் தன்மையைத் தீர்மானிக்கிறது. கழிவு கலந்து ஊட்டச்சத்து மிகுந்த நீரிலும் சில நீர்ப்பறவைகள் பெருந்திரளாகக் கூடும். ஆகவே பறவை மிகுதி நீர்த்தூய்மைக்குச் சான்றாகாது. கரையோடு நின்றுவிடும் வரைபடம் குளத்தை ஒரு தீவாகக் காட்டுகிறது. நல்லாற்றையும் அதில் வந்து சேரும் ஓடைகளையும் வடிகால்களையும் உள்ளடக்கும் வரைபடமே வாழிட வரைபடம் என்னும் பெயருக்கு உரியது.

பொழுதும் இவ்வாறே விடுபடுகிறது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் குளிர்காலத்தில் மட்டும் எடுக்கப்பட்ட பதிவு, கோடையில் அக்குளம் எவ்வாறு இருந்தது என்பதற்கு விடை தராது. கணக்கெடுக்காத மாதத்தின் வெறுமையும் பறவை வராத மாதத்தின் வெறுமையும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

ஒரத்துப்பாளையம்: நீல நிறத்தின் பொய்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், திருப்பூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே, பாசனத்துக்கென 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் சாயப்பட்டறைக் கழிவு அதில் தேங்கியது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு பெருமளவில் பயன்படுகிறது. சாயத்தின் நிறத்தை நீக்கினாலும் நீரில் கரைந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை. வயலுக்கு நீர் தர எழுந்த அணை, நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கோரும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறை அங்குத் தொழிலின் நிபந்தனையாயிற்று.

இவ்வரலாறு எதுவும் பொது வரைபடத்தில் இல்லை. அங்கு ஒரத்துப்பாளையமும் நஞ்சராயன் குளமும் ஒரே நீல நிறத்தில் காட்சி தருகின்றன. மாணவர் வரைபடம் இந்நீலத்தை அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் புள்ளியிடும்போது, அப்பொய்யையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. இதற்கான மாற்று அரிதன்று. கரைந்த திண்மங்களை அளக்கும் கையடக்கக் கருவியைக் கொண்டு, ஓடை நெடுகிலும் மாதந்தோறும் எடுக்கும் அளவுகளைப் பறவைப் பதிவோடு ஒருசேரக் குறிக்கலாம். அப்போது நீலம் பல நிறங்களாகப் பிரியும்.

கொரங்காடு: தொழில் காத்த வாழிடம்

மேற்கண்ட இரு சான்றுகளும் தொழிலை வாழிடத்தின் பகையாக மட்டும் காட்டக்கூடும். காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு அம்முடிவைத் திருத்துகிறது. கிளுவை வேலியடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரவிட்டு, காங்கேயம் மாடுகளை முறைவைத்து மேய்க்கும் தனியார் மேய்ச்சல் நிலமே கொரங்காடு. புல்வெளியையும் முட்புதரையும் சார்ந்த உயிரினங்களுக்கு மேய்ச்சல் தொழிலே இங்கு வாழிடம் அமைத்துத் தருகிறது. மாடு நீங்கினால் நிலம் வீட்டுமனையாகவோ ஆலையாகவோ மாற வழி திறக்கிறது.

ஆனால் இது காப்புக்காடு அன்று, சரணாலயமும் அன்று. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்புகள் முட்புதர் நிலத்தைத் தரிசு வகையில் சேர்க்கின்றன. ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்னும் அடுக்கைத் தரவிறக்கிப் பணியைத் தொடங்கும் மாணவர், மாவட்டத்தின் தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி, உடுமலைக் காடுகளைக் காண்பார்; கொரங்காட்டைக் காணமாட்டார். அச்சுறுத்தலுக்கு உள்ளான வாழிடத்தைத் தேடும் செயல்திட்டம், அவ்வாழிடத்துக்குப் பெயரே இல்லாத வரைபடத்திலிருந்து தொடங்குவது முரணாகும்.

மறுப்பும் விடையும்

மாணவர் செயல்திட்டம் கற்றலுக்கானது, அதனிடம் ஆய்வுத் துல்லியத்தை எதிர்பார்ப்பது மிகை என்று மறுக்கலாம். உயிரினத்தை இனங்காணும் பயிற்சியும் களத்தில் நிற்கும் பழக்கமும் இச்செயல்திட்டங்களின் மெய்யான பேறுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் இங்குக் கோரப்படுவது கூடுதல் துல்லியமன்று, கூடுதல் கேள்வி. இந்நீர் எங்கிருந்து வருகிறது, இப்புல்லை மேய்வது எவருடைய மாடு என்னும் வினாக்களுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அன்றியும், திருப்பூர் மாணவர் பலருக்குச் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் குடும்பத்தின் பிழைப்பு. பறவையை மட்டும் குறிக்கும் வரைபடம் அவர்கள் வீட்டை வரைபடத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

முடிவுரை

மாணவர் காட்டுயிர் வரைபடங்கள் இருப்பைப் பதிகின்றன. இருப்பின் காரணத்தைப் பதிவதில்லை. நஞ்சராயன் குளத்தில் விடுபடுவது நீர்வரத்தும் பொழுதும். ஒரத்துப்பாளையத்தில் விடுபடுவது உப்பின் வரலாறு. கொரங்காட்டில் விடுபடுவது வாழிடத்தின் பெயரே. மூன்றிடத்தும் விடுபட்டதைத் தேடிச் சென்றால், அதன் முனையில் ஏதேனும் ஒரு மனிதத் தொழில் நிற்கிறது. செயல்திட்டங்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்கள் குறிவிளக்கப் பட்டியலில் பறவைக்கு அடுத்த வரியைத் தொழிலுக்கு ஒதுக்குவார்களாயின், வரைபடம் பட்டியல் நிலையிலிருந்து வாதமாக உயரும். ஒரு வாழிடத்தைக் காக்குமாறு கோருவதற்கு வேண்டியது அத்தகைய வாதமே.