கரி கட்டிய வண்டி

2012 செப்டம்பர் 23 இரவு, சிங்கப்பூர் மரினா பே. பந்தயம் பாதியைத் தொட்டிருந்தது. 18வது வளைவில், பார்வையாளர் மேடைக்கு அடியில் தடம் புகும் இடத்தில், நாராயண் கார்த்திகேயனின் எச்ஆர்டி ஃபார்முலா 1 வண்டி சுவரில் மோதி நின்றுவிட்டது. பாதுகாப்பு கார் வெளியே வந்தது. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் ஓடுகிறவர்களில் யார் இப்போது டயர் மாற்றுவார்கள் என்று கணக்குப் போடத் தொடங்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய வண்டிக்காக யாரும் வருத்தப்படவில்லை. நான் பெரிய திரையில் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு மட்டும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டது. இந்தப் பையன் முதன்முதலில் பந்தயம் ஓட்டிய ஃபார்முலா மாருதி வகை வண்டியை நான் கையால் தொட்டுப் பார்த்தவன். அதைக் கட்டியவர் கரி என்கிற கரிவர்தன்.

இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நான்கைந்து பேர் கூடுவோம். டீ ஆறுவதற்குள் பேச்சு பந்தயத்துக்கு வந்துவிடும். இளம் வயதில் போனவர்கள் என்று வந்தால் ஆளுக்கொரு பெயர். மூத்தவருக்கு ஜில் வில்நெவ். எல்லோருக்கும் சென்னா. கடைசியில் சேர்ந்த தம்பிக்கு ஜூல் பியாங்கி. அவன் தேர்வில் எனக்கும் மரியாதை உண்டு. பியாங்கி கடைசியாக ஓட்டி முடித்துக் கொடி வாங்கிய பந்தயம் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2014இல் இங்கே பதினாறாவதாக வந்தார். இரண்டே வாரத்தில் சுசூகா விபத்து. இந்த ஊர்க்காரன் அவரை மறக்கக் கூடாது.

என் முறை வரும்போது நான் கரிவர்தன் என்பேன். உடனே ஒரு சின்ன மௌனம். பிறகு மூத்தவர் மெதுவாக ஆரம்பிப்பார். "அவர் போனது விமான விபத்துல. தடத்துல இல்லையே தம்பி? உலக அளவுல என்ன ஜெயிச்சாரு?"

ஜெயித்த கோப்பைகளை அடுக்கி ஓட்டுநரை எடை போடுவது எனக்குச் சம்மதமில்லை. சோழவரம் பந்தயத் தடத்தில் கரி ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்றும் கை வைத்துக் காட்டிப் பேசுகிறார்கள். என் மனதில் அவர் நிற்பது அதனால்கூட இல்லை. நல்ல ஓட்டுநர்கள் நிறையப் பேர் வந்தார்கள், போனார்கள். ஓட்டுகிற கையாலேயே மற்றவர்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு வண்டியைச் செய்து கொடுத்தவர் நம்மில் வேறு யார்? லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. நினைத்தால் வெளிநாட்டு வண்டியை இறக்கி, தான் மட்டும் முன்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். அந்தக் காலச் சோழவரத்தில் அப்படி இறக்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பெரிய எஞ்சின்களின் சத்தத்துக்கு மயங்கிய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நேர்கோட்டில் எவரும் வேகமாகப் போகலாம் என்பது என் கட்சி.

எண்பதுகளின் கடைசியில் ஃபார்முலா மாருதி வந்தது. வீட்டு வாசலில் நிற்கிற மாருதி 800இன் அதே எஞ்சின், 796 சிசி, மூன்று சிலிண்டர். அதை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார் கரி. எஃகுக் குழாய்ச் சட்டகம், மேலே ஃபைபர் உடல். இது கோயம்புத்தூரில் பிறந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் பீளமேட்டில் வளர்ந்தவன். தெருவுக்குத் தெரு லேத், பம்ப்செட் மோட்டார், கிரைண்டர், வார்ப்புக் கூடம். வாங்க முடியாத பொருளைச் செய்து பார்த்துவிடுவது அந்த ஊரின் குணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மாமாவோடு பிட் பக்கம் போனேன். பாலிடெக்னிக் மாணவன், ஃபிட்டர் வேலை கொஞ்சம் தெரியும். உடலைக் கழற்றி வைத்திருந்த ஒரு ஃபார்முலா மாருதியின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். ஒரு குழாயை இன்னொரு குழாயின் மேல் நிறுத்திப் பற்றவைக்க வேண்டுமென்றால், மேலே வருகிற குழாயின் வாயை மீன் வாய் மாதிரி அறுத்து, அரம் போட்டு, கீழிருக்கும் குழாயின் வளைவில் ஒளி தெரியாமல் உட்கார வைக்க வேண்டும். இடைவெளி விட்டுவிட்டு வெல்டால் நிரப்புகிறவன் சோம்பேறி. அந்த வண்டியில் ஒவ்வொரு கணுவையும் பார்த்தேன். பற்றவைத்த தடம் பூரான் ஊர்ந்த மாதிரி சீராக, ஒரே அகலத்தில் சுற்றி வந்து முடிந்திருந்தது. உடல் மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடம் அது. மாமா கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரித்துக்கொண்டே எஞ்சினை முடுக்கினார். அந்த மூன்று சிலிண்டரின் கரகரப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. நாலு சிலிண்டரின் வழவழப்பு அதில் கிடையாது. ஒரு கால் குறைந்த நடை.

அந்த எஞ்சினில் இழுவை கம்மி. கரி செய்த காரியத்தின் அழகே அங்கேதான் என்பேன். பெரிய எஞ்சின் ஓட்டுநரின் தவறை மன்னித்துவிடும். வளைவில் வேகத்தைத் தொலைத்தாலும் வெளியே வந்து மிதித்து மீட்டுவிடலாம். மாருதியில் ஒரு தடவை தேவையில்லாமல் காலை எடுத்தால், அடுத்த நேர்கோடு முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். எல்லாருக்கும் அதே எஞ்சின், அதே கியர். அதனால் எங்கே பிரேக்கை விடுகிறாய், வண்டியை எவ்வளவு மென்மையாகத் திருப்புகிறாய், உள்ளே கொண்டுபோன வேகத்தில் எவ்வளவை வெளியே கொண்டுவருகிறாய் என்பதுதான் முழுப் பந்தயமும். அதில் பழகிய பையன்கள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற விதமே வேறாக இருந்தது. அதிகம் ஆட்டமாட்டார்கள்.

1954இல் பிறந்தவர் 1995இல் போய்ச் சேர்ந்தார். நாற்பதைத் தொட்ட வயது. அடுத்த ஆண்டே நாராயண் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005இல் ஜோர்டான் வண்டியில் ஃபார்முலா 1. இவை எதையும் கரி பார்க்கவில்லை. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் கட்டிய தடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் அடுத்த வண்டியில் என்ன செய்திருப்பார்? எஞ்சின் பெரிதாகியிருக்குமா, சட்டகம் மெலிந்திருக்குமா? தூக்கம் வராத இரவுகளில் இதை யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

இப்போது எனக்கு மனக்குறை உண்டு. சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2024இல் இரவுப் பந்தயம் நடந்தபோது, நம் மரினா பே மாதிரியே விளக்குகள் என்று ஊரிலிருந்து உறவினர்கள் வீடியோ அனுப்பினார்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஃபார்முலா 4 வண்டிகளின் சட்டகம் பிரான்சில் செய்த மைகால். நம் ஊரில் செய்ததாக இருந்திருந்தால் அன்றைக்கு நான் விமானம் ஏறியிருப்பேன். சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாங்கியில் நிரந்தரத் தடம் என்று 2010 வாக்கில் பேசினார்கள், அது நின்றுபோனது. பந்தய வார இறுதியில் அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி யார் பாட வருகிறார்கள் என்பது. ஓட்டக் கற்கும் பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கற்கிறார்கள். வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு குழாயை அறுத்துப் பார்த்தவன் ஒருவனாவது இருக்கிறானா?

போன மாதம் மூத்தவரைப் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு நடக்க அழைத்துப் போனேன். 1973 வரை கிராண்ட் பிரி ஓடிய சாலை. இப்போது ஒருவழிப் பாதை, பக்கத்தில் இயற்கைப் பூங்கா, மரக்கிளையில் லங்கூர் குரங்குகளைத் தேடி நிற்கும் ஆட்கள். பாம்பு வளைவுகள் என்று பெயர் பெற்ற இடத்தில் தொடங்கி, சாத்தான் வளைவு வரை பேசிக்கொண்டே நடந்தோம். 1970இல் கிரேம் லாரன்ஸ் ஃபெராரியில் வென்றதைப் பற்றி அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வளைவின் உள்பக்கம் வந்ததும் நின்றார். சாலையின் சரிவைக் குனிந்து பார்த்தார்.

"சரிப்பா, உன் கரியோட வண்டிய இங்க கொண்டாந்து விட்டா? எங்க பிரேக் புடிப்ப?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். ஈரமில்லை. வெளிப்பக்கம் ஒரு மரம், அதற்கு முன்னால் ஒரு கம்பம்.

"அந்தக் கம்பத்துக்கிட்ட லேசாத் தொடுவேன்ணே. அதுக்கப்புறம் கால எடுக்கவே கூடாது."

அவர் கம்பம் வரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பி வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.