எல்லையில் ஓர் இருமொழிப் பள்ளி: தேறுமா?

சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். தெலுங்குப் பலகை மாட்டிய ஆந்திர அரசுப் பேருந்துகள் ஓடும் சாலை அது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ் என்று புழங்கும் குடும்பங்கள் இங்கே புதிதல்ல. பள்ளிக்கூடம் மட்டும் ஒரு மொழியைப் பயிற்றுமொழியாக்கி, மற்றதை வாசலோடு நிறுத்திவிடுகிறது. தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் படிக்கும் பள்ளியை இங்கே தொடங்கலாமா?

முன்மாதிரி ஒன்று உண்டு. கியூபா அகதிகள் குவிந்த மயாமியில், 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளி ஆங்கில–ஸ்பானிய இருமொழிப் பள்ளியானது. காலையில் தாய்மொழியில் பாடம். மதியத்துக்கு மேல் அதே பாடம் மற்ற மொழியில். பின்னக் கணக்கைக் காலையில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மதியம் சொற்கள்தான் புதிது, கணக்கு பழையது. முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1965இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலப் பிள்ளைகளை மட்டும் வைத்துப் பிரெஞ்சு வழியில் நடத்திய சோதனையும், அதன் வழியில் வந்த பள்ளிகளும் இன்னொரு பாடத்தைத் தந்தன. பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வரவில்லை. கூட விளையாடப் பிரெஞ்சுப் பிள்ளைகள் இல்லாதது ஒரு முக்கியக் காரணம். அந்தக் குறை நம் எல்லையோரத்தில் கிடையாது.

சட்டப் பக்கம் பார்த்தாலும் இருமொழி வகுப்புக்கே வாதம் வலுக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தெலுங்குப் பிள்ளையைத் தமிழ் படிக்கச் சொல்கிறது. தமிழ்ப் பிள்ளைக்குத் தெலுங்கு படிக்க எந்த அவசியமும் இல்லை. சுமை ஒரு பக்கமே; இருமொழி வகுப்பில் அது இரு பக்கமும் பகிரப்படும். சிறுபான்மை மொழி வகுப்புக்கோ வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளியில் 40 பேர் என்பது 1949 முதல் வரும் அளவுகோல். ஏழே பேர் இருந்தால் தனி வகுப்பு கேட்க முடியாது. இரு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அமெரிக்க இருவழிப் பள்ளிகளின் பொதுவழக்குப்படி, ஒவ்வொரு மொழியினரும் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் போதும். 21 பேர் கொண்ட வகுப்புக்கு அந்த ஏழு பேர் சரியாகப் போதும்.

எதிர்ப்பக்கம் இலேசானதல்ல. மயாமிக்கு வந்த அகதிகளில் படித்த நடுத்தர வர்க்கத்தாரும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் கைகொடுத்தது. இங்கே வீட்டில் பேசும் தெலுங்குக்கும் பாடநூல் தெலுங்குக்கும் தூரம் அதிகம். பேசத் தெரிந்தவர் எல்லாம் அதில் கணக்கு நடத்திவிட முடியாது. அதைவிடப் பெரிய தடை, பெற்றோரின் ஆசை ஆங்கிலத்தின் மேல் இருப்பது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியதற்குக் காரணம் அதுதான். மயாமியில் பள்ளி கொடுத்த இரண்டில் ஒன்று, பெற்றோர் தேடிய ஆங்கிலம். இங்கே அது மூன்றாவது மொழி. ஆங்கிலத்தை ஒப்புக்குச் சொல்லித்தரும் தமிழ்–தெலுங்குப் பள்ளிக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அது ஏழைகளுக்கு மட்டுமான சோதனைக்கூடமாகிவிடும்.

ஆகவே தனியார் பள்ளியாக இதைத் தொடங்குவது வீண். கட்டணம் கொடுக்கக்கூடியவர் கேட்பது வேறு சரக்கு. ஏற்கெனவே இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில், ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவாக, பெற்றோர் விரும்பிச் சேர்ப்பதாகத் தொடங்கினால் தேறும். நிபந்தனைகள் மூன்று: மொழிக்கு ஓர் ஆசிரியர் என்று இருவர், தினமும் உருப்படியான ஆங்கிலப் பாடம், மூன்றாம் வகுப்பு முடிவில் இரண்டு மொழியிலும் வாசிப்புச் சோதனை. தமிழ்ப் பிள்ளை தெலுங்குக் கதை ஒன்றைத் தானே வாசிக்கவில்லை என்றால் பிரிவை மூடிவிடலாம். இரண்டாவது ஆசிரியர் பணியில் சேரும்முன் பிரிவைத் திறப்பதானால், திறக்காமலிருப்பதே மேல்.