மலைமக்களின் சொல்லும் ஆய்வாளரின் கடனும்

கே. ரங்காச்சாரியின் துணையுடன் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் நூலை, கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி எழுதுவோர் இன்றும் நாடுகின்றனர். அதன் உழைப்புப் பெரிது. துணைவரின் பெயரை முகப்பிலேயே இட்டதும் நேர்மையே. ஆயினும், தம் வழக்கங்களை எடுத்துரைத்த எளிய மக்கள் அந்நூலில் பெரும்பாலும் பெயரற்றோராகவும், உயரமும் தலையளவும் குறிக்கப்பட்ட உடல்களாகவுமே நிற்கின்றனர்.

இக்குறை நம்மிடத்தும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எழுத்தொப்புமையைக் குற்றமாகக் கொள்கின்றன. கணிப்பொறி எழுத்தில் உள்ளதையே ஒப்பிடும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறிச் சென்று ஒரு முதியவரிடம் கேட்டறிந்ததை நம் சொந்தக் கருத்தாகக் காட்டினால், அதனை அக்கருவி அறியாது; கர்த்தர் அறிவார்.

ரோமர் நிருபத்தைப் பவுலுக்காக எழுதிய தெர்தியு, அதிலேயே தன் பெயர் கூறி வாழ்த்துகிறான் (ரோமர் 16:22). அப்போஸ்தலன் அதனை மறைக்கவில்லை. ஆகவே, இறையியல் மாணவரே, முதலில் நோக்கத்தை விளக்கி இசைவு பெறுங்கள். விரும்புவோரைப் பெயரிட்டுக் குறிப்பிடுங்கள். விரும்பாதோரின் பெயரைக் காத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெறுமுன் ஆய்வேட்டை மலைக்கு எடுத்துச் சென்று, சொன்னவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்துங்கள்.