ஏ7 வீதியில் கித்துள் மணம்

மதுச்சாலைகளைத் தேடி மலைநாட்டுக்கு வண்டி கட்டுபவர்கள் நேரே நுவரெலியாவைத்தான் நினைப்பார்கள். 1881இல் அங்கே தொடங்கிய பியர் ஆலைதான் பின்னாளில் லயன் என்று பெயர் பெற்றது. ஆனால் அந்த உற்பத்தி எப்போதோ கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. உண்மையான சிறு உற்பத்தி பாதி வழியிலேயே, அவிசாவளை, யட்டியாந்தோட்டை தாண்டிக் கித்துல்கலவில், கித்துள் பனை மரத்தின் உச்சியில் நடக்கிறது.

கித்துள் சீவுவது பொறுமையான வேலை. பூம்பாளையைப் பதமறிந்து சீவி, மருந்து கட்டி, முட்டி மாட்ட வேண்டும். காலையும் மாலையும் ஏறி, மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவிட்டுப் பதநீரை இறக்குவார்கள். புளிக்க விட்டால் கள். ஹல் மரப்பட்டையை முட்டியில் போட்டால் புளிப்பு தள்ளிப்போகும். புளிக்காத பதநீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. மூன்றும் ஒரே பாளையின் பிள்ளைகள்! கள்ளைத் தேடி மரநாயும் மரமேறும். அதற்கு வண்டி ஓட்டும் கவலை இல்லை. சாரதி பாணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஊருக்கு வருபவர்களில் பலர் களனி கங்கையில் படகு விடவும், 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் நின்ற இடத்தைப் பார்க்கவும் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு அவசரப்படுகிறார்கள்.

அது பிழை. சுடச்சுடத் தேங்காய் ரொட்டி, உறைக்கும் கட்டைச் சம்பல், பிறகு எருமைத் தயிரில் கித்துள் பாணி: இந்த வரிசை மாறக் கூடாது. பாணி வாங்கும்போது மலிவைப் பார்க்காமல் ருசி பார்த்து வாங்குங்கள். சீனி கலந்ததில் தித்திப்பு மட்டும் நிற்கும். நல்லதில் இலேசான புகைவாசம் இருக்கும்.