வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டு

ஏலகிரியைப் பற்றிய பயணக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஜோலார்பேட்டையில் இறங்கலாம். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புங்கனூர் ஏரியில் படகு, சுவாமிமலை ஏற்றம், ஜலகாம்பாறை அருவி. பிறகு தவறாமல் ஒரு பட்டம்: ஏழைகளின் ஊட்டி. குடும்பத்தோடு இரண்டு நாள் ஓய்வெடுக்க ஏற்ற இடமாம்.

எந்த ஏழை, யாருடைய ஓய்வு என்று இக்குறிப்புகள் கேட்பதில்லை. மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும். காலையில் டிபன் டப்பாவோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களை நம்பித்தான் இங்கே ஷூ தொழில் நடக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு எழுதிவைத்தது. அந்த நாட்கள் பிள்ளையின் காய்ச்சலுக்கும் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கும் போய்ச் சேரும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைப்பவருக்கோ அந்த விடுப்பும் கிடையாது.

வாணியம்பாடியில் என் சித்தி அப்படித் தைப்பவர். தடித்த ஊசியால் தோலை இழுத்து இழுத்து அவருடைய ஆள்காட்டி விரல் ஒரு பக்கம் வளைந்தே போய்விட்டது. அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஏலகிரி தெரியும். ஒருமுறை கூப்பிட்டேன்.

"போயி இன்னாடி பண்றது? அங்கியும் நாந்தான் புளிசோறு கட்டணும்."

பயணக் குறிப்புகளின் மீது இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. 'குடும்பத்தோடு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு கிளறுகிறவள், துண்டும் மாத்திரையும் எடுத்துவைக்கிறவள், படகில் குழந்தையின் சட்டையைப் பிடித்தபடியே இருக்கிறவள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். அவள் ஓய்வெடுக்க வந்தவள் அல்ல, ஓய்வை நடத்திக்கொடுக்க வந்தவள். மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு இக்குறிப்புகளில் அந்த இடமும் இல்லை. பலாப்பழமும் தேனும் விற்கும் கையாக மட்டும் ஒரு வரியில் வந்துபோவார்கள்.

தமிழில் ஒரு பெண் தனக்காக மட்டும் புறப்பட்டுப் போவதை எழுதியவர் அம்பை. 'அடவி' கதையின் செந்திரு, கணவனின் தொழிலுக்கு உழைத்தும் பங்குதாரர் இடம் மறுக்கப்பட்டவள், காட்டுக்குத் தனியாகப் போய்த் தன் சீதையை எழுதுகிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பொறாமை தரும் கதை. அதில் காடு வேடிக்கை பார்க்கும் இடமல்ல, அவளுக்கு வேலை இருக்கும் இடம். ஆனால் செந்திருவிடம் படிப்பும் கையில் காசும் இருந்தன. போகிறேன் என்று வீட்டில் சொல்ல ஒரு மொழியும் இருந்தது. சித்தியிடம் இல்லாதது பஸ் கட்டணம் அல்ல, அந்த மொழிதான்.

ஏலகிரிப் பாதையின் வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்களுக்கு நடுவே அவ்வை. அவ்வை என்ற பெயரில் பல காலத்துப் புலவர்கள் இருந்தார்கள். ஊர்க்கதை எல்லாரையும் ஒரே கிழவியாக்கிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்ததும் அவள் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டாளாம். அதை பக்திக் கதையாகத்தான் நமக்குச் சொன்னார்கள். எனக்கென்னவோ அது ஒரு பயண அனுமதிச் சீட்டின் விலையாகவே தெரிகிறது. நரைத்த பிறகுதான் ஒருத்தி கேள்வி இல்லாமல் ஊர் ஊராக நடக்க முடியும்.

எங்கள் பக்கத்துப் பெண்களும் விலை கொடுத்துத்தான் ஓய்வை வாங்குகிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, கர்ப்பப்பை அறுவைக்கு ஆஸ்பத்திரி, ஆடியில் அம்மன் கோயில். ஓய்வு என்ற பெயரைச் சொல்லாதவரை ஓய்வெடுக்கலாம்.

போன மாதம் சித்தியே பேச்சை எடுத்தார்.

"மலமேல முருகன் கோயிலு இருக்குதில்ல?"

"வேலவன் கோயில் இருக்குது சித்தி."

"அப்ப வேண்டுதல்னு சொல்லிக்கலாம்." ஊசியில் நூலைக் கோத்தபடி கொஞ்சநேரம் யோசித்தார். "ஒரு வேண்டுதலுக்கு எத்தினி நாளுடி தங்கலாம்?"