மெய்த்தாளில் அச்சிட்ட போலி: ‘பெவர்லி ஹில்ஸ் காப் - 3’ ஒரு மறுபார்வை

முன்னுரை

ஒரு தொடர்ச்சிப் படத்தை முதன்முறை காண்பவர் அதனோடு தம் எதிர்பார்ப்பையும் சேர்த்தே காண்கிறார். முந்தைய படம் தந்த இன்பமே புதிய படத்திற்கு அளவுகோலாகிவிடுகிறது. அதனால் அப்போது எழும் ஏமாற்றம் படத்தின் குறையால் விளைந்ததா, அளவுகோலின் நீளத்தால் விளைந்ததா எனப் பிரித்தறிவது அரிது. ஆண்டுகள் பல கழிந்தபின் நிகழும் மறுபார்வையில் எதிர்பார்ப்பு அடங்கிவிடுகிறது. ஏமாற்றத்தின் காரணத்தைத் தேடும் வாய்ப்பு அப்போதுதான் கிட்டுகிறது.

1994-இல் வெளிவந்த ‘பெவர்லி ஹில்ஸ் காப் - 3’ என்னும் அமெரிக்க அதிரடி நகைச்சுவைப் படம் அத்தகைய மறுபார்வைக்கு ஏற்றதாகும். இத்தொடரின் முதற்படம் (1984) அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 23 கோடி டாலரும், இரண்டாம் படம் (1987) ஏறத்தாழ 15 கோடி டாலரும் ஈட்டின. மூன்றாம் படம் ஏறத்தாழ 4 கோடி டாலரோடு நின்றது. இவ்வீழ்ச்சிக்கு நகைச்சுவை குறைந்ததே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நகை ஏன் குறைந்தது, குறைந்த இடத்தை எது நிரப்ப முயன்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகை பற்றிய கருத்தும், நன்னூலின் வழிநூல் பற்றிய கருத்தும் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

தொடரின் அடித்தளம்

மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கிய முதற்படத்தின் கதை எளியது. டெட்ராய்ட் நகரக் காவலனான ஆக்சல் ஃபோலி, தன் நண்பனின் கொலைக்குக் காரணமானவர்களைத் தேடிச் செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸுக்குச் செல்கிறான். இப்பாத்திரத்தில் முதலில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடிப்பதாக இருந்தது. அவர் விலகியபின் அது எடி மர்ஃபிக்குக் கிட்டியது. அவருக்கு அப்போது வயது 23. ஸ்டாலோன் நடித்திருந்தால் இது பழிவாங்கும் கதையாகவே நின்றிருக்கும். மர்ஃபி நடித்ததால், பழிவாங்கும் கதைக்குள் ஒரு நகைநாடகம் இடம்பிடித்தது.

ஆக்சலின் முதற்கருவி துப்பாக்கியன்று, நாவே. விடுதியில் அறையில்லை என்றதும், புகழ்பெற்ற இசையிதழின் செய்தியாளனாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, கறுப்பன் என்பதால் தனக்கு இடம் மறுக்கப்படுவதாகக் குரல் உயர்த்துகிறான். அறை உடனே கிடைக்கிறது. தன்னைக் கண்காணிக்க வந்த டாகர்ட், ரோஸ்வுட் என்னும் காவலர் இருவருக்கும் விடுதியிலிருந்து உணவு அனுப்பிவைத்து, அவர்களுடைய வண்டியின் புகைக்குழாயில் வாழைப்பழங்களைத் திணிக்கிறான். இக்காட்சிகளில் நகைக்கு இலக்காவது தனிமனிதர் அல்லர்; ஒழுங்கையும் செல்வத்தையும் ஒன்றாக எண்ணும் ஓர் ஊர்.

படத்தின் முடிவில், விதிமுறை வழுவாத மேலதிகாரி போகொமில், ஆக்சலைக் காப்பதற்காகத் தம் தலைமை அதிகாரியிடம் ஒரு கற்பனைக் கதையைக் கூறுகிறார். ஆக்சலின் பொய்க்கலை அவ்வூரின் நேர்மையாளரிடமும் தொற்றிக்கொள்கிறது. நகை ஓர் அமைப்பை நெகிழச் செய்தது என்பதே முதற்படத்தின் வெற்றி.

எள்ளலும் அதன் இலக்கும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்பது மெய்ப்பாட்டியல் கருத்து. ஒரு மெய்ப்பாடு தன்னிடத்தும் தோன்றும். பிறரிடத்தும் தோன்றும் என உரையாசிரியர்கள் விரிப்பர். முதற்படத்தில் இந்நான்கும் உள்ளன. எள்ளல் ஆக்சலுடையது. இளமையும் பேதைமையும் ரோஸ்வுட்டினுடையவை. அறிந்தும் அறியாதவர் போல விதிக்குள் ஒடுங்கும் டாகர்ட்டின் நிலையை மடனின்பாற்படுத்தலாம். இம்மூவரும் சேர்ந்தபோதுதான் நகை முழுமை பெற்றது.

இவற்றுள் எள்ளலுக்கு ஒரு தனித்தேவை உண்டு. எள்ளப்படும் பொருள் தன்னைத் தானே பெரிதாக மதித்துக்கொள்வதாக இருத்தல் வேண்டும். தன்னை மதியாத ஒன்றை எள்ளுவதில் நகை பிறப்பதில்லை. மூன்றாம் படத்தை அளக்க இவ்விதி இன்றியமையாதது.

களமாற்றம்

ஜான் லாண்டிஸ் இயக்கிய மூன்றாம் படம், பெவர்லி ஹில்ஸை விடுத்து ‘வொண்டர் வேர்ல்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்காவைக் களமாக்கியது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவிலுள்ள ‘கிரேட் அமெரிக்கா’ பூங்காவில் இதற்கான காட்சிகள் பல படமாக்கப்பட்டன. அப்பூங்கா அக்காலத்தில் படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனத்தின் வசமே இருந்தது.

கேளிக்கைப் பூங்கா தானே சிரித்துக்கொண்டிருக்கும் இடம். பொம்மை விலங்குகளின் முகத்தில் சிரிப்பு. பணியாளர் முகத்தில் சிரிப்பு. ஒலிபெருக்கியின் பாட்டிலும் சிரிப்பு. வந்தோரெல்லாம் சிரிக்கவே வந்தவர்கள். அங்கே ஆக்சல் வந்து எதை எள்ளுவான்? அவன் பூங்காவின் விலங்கு உடைக்குள் ஒளிந்து திரியும் காட்சி இச்சிக்கலை வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது. முதற்படத்தில் ஊரின் ஒழுங்கைக் கலைத்தவன், இங்கு இடத்தின் சிரிப்புக்குள் தானும் ஒரு பொம்மையாகிவிடுகிறான்.

எனினும் மறுபார்வையில் ஒன்று புலப்படுகிறது. பூங்காவுக்கு அடியில் சுரங்க வழிகளும் கண்காணிப்பு அறைகளும் உள்ளன. மேலே விளையாட்டு, கீழே வேவு. தன்னைப் பெரிதாக மதிக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. எள்ளலுக்கு உரிய இலக்கைப் படம் கண்டுபிடித்திருக்கிறது. ஆயினும் அந்த இலக்கின்மேல் ஆக்சலின் நாவை ஏவாமல் அவனது துப்பாக்கியையே ஏவியது. களத்தேர்வு முற்றிலும் தவறன்று. களத்தின் எந்தப் பகுதியை நோக்கி நகையைத் திருப்புவது என்பதிலேயே தவறு நேர்ந்தது.

துணைப்பாத்திரங்களின் இழப்பும் நோக்கத்தக்கது. டாகர்ட், போகொமில் இருவரும் இப்படத்தில் இல்லை. ரோஸ்வுட் நீண்ட பெயர் கொண்ட பெரும்பதவியில் அமர்ந்துவிட்டான். அப்பெயரின் நீளம் ஒரு நகைத்துணுக்காகிறது. ஆனால் பதவி உயர்ந்தவனிடம் பேதைமை நகையைத் தருவதில்லை. முதற்படத்தில் கலைக்கூடப் பணியாளாக வந்த செர்ஜ், இங்கு ஆயுதக்கடை நடத்துகிறான். இசைக்கருவியும் நுண்ணலை அடுப்பும் பூட்டிய அவனது துப்பாக்கி ஒருமுறை சிரிப்பூட்டுகிறது. அச்சிரிப்பு மனிதரிடமிருந்து வராமல் பொருளிடமிருந்து வருவதால் நீடிப்பதில்லை.

இழவும் நகையும்

முதற்பார்வையில் கவனம் பெறாது மறுபார்வையில் மதிப்புயரும் பகுதி படத்தின் தொடக்கமாகும். டெட்ராய்ட்டில் திருட்டு வண்டிகளைப் பிரிக்கும் பட்டறையில் நடக்கும் சோதனை தோல்வியுற்று, ஆக்சலின் மேலதிகாரி டாட் சுட்டுக்கொல்லப்படுகிறார். முதல் இரு படங்களிலும் ஆக்சலை ஓயாமல் திட்டியவர் இவர். இவ்வேடமேற்ற கில்பர்ட் ஹில் உண்மையிலேயே டெட்ராய்ட் காவல்துறையின் கொலைப் புலனாய்வு அதிகாரியாக இருந்தவர். பின்னாளில் அந்நகர மன்றத்தின் தலைவராகவும் விளங்கியவர். அவரது வசைமொழியில் இருந்த உண்மைத்தன்மைக்கு அதுவே காரணம் எனலாம். அந்தக் குரல் அடங்கும்போது ஆக்சல் இழப்பது மேலதிகாரியை மட்டுமன்று. தன் குறும்பைத் தடுக்கும் கையையும் இழக்கிறான். தடுப்பவர் இல்லாதபோது குறும்புக்குப் பொருளில்லை.

அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக இழவைத் தொல்காப்பியம் கூறுகிறது. நகையும் அழுகையும் ஒரு படைப்பில் இணைந்து நிற்பதில் தடையேதுமில்லை. முதற்படமும் ஒரு நண்பனின் இறப்பிலிருந்தே தொடங்கியது. ஆனால் அங்கு ஆக்சலின் நகை அவன் துயரை மறைக்கும் திரையாக இருந்தது. திரைக்குப் பின்னால் துயர் இருப்பதைப் பார்வையாளர் மறக்கவில்லை. மூன்றாம் படத்தில் திரை விலக்கப்பட்டது. ஆக்சல் துயருற்றவனாகவே பூங்காவுக்குள் நுழைகிறான். பின்னர் அத்துயரும் தொடரவில்லை. பழுதுற்ற இராட்டினத்தில் தொங்கும் சிறுவர்களைக் காப்பாற்ற அவன் ஏறும் காட்சி தறுகண்மையால் தோன்றும் பெருமிதத்தை நன்கு காட்டுகிறது. அடுத்த காட்சி அதை மறந்துவிடுகிறது. நகை, அழுகை, பெருமிதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்காமல் வரிசையில் நிற்கின்றன.

நடிகரின் முதிர்ச்சி

படப்பிடிப்பில் மர்ஃபி வேடிக்கைக்கு உடன்படவில்லை என்றும், ஆக்சல் இப்போது முதிர்ந்தவன் என்பது அவர் கருத்தாக இருந்தது என்றும் லாண்டிஸ் பின்னாளில் கூறியுள்ளார். இவ்விருவரும் முன்னர் ‘டிரேடிங் பிளேசஸ்’ (1983), ‘கமிங் டு அமெரிக்கா’ (1988) ஆகிய வெற்றிப்படங்களில் இணைந்தவர்கள். ஆகவே இங்கு நேர்ந்தது திறமைக் குறைவன்று, நோக்க வேறுபாடு.

கூற்று இயக்குநருடையது மட்டுமே ஆயினும், படத்தில் காணும் நடிப்பு அதற்கு ஒத்தே செல்கிறது. இவ்விடத்தில் நடிகர் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சிரிக்கவைத்தே மதிப்புப் பெற்ற ஒரு கறுப்பின நடிகர், 33-ஆம் வயதில் சிரிப்பின்றியும் தான் மதிக்கப்பட வேண்டும் என விரும்பியிருந்தால் அது குற்றமாகாது. வெள்ளை நடிகர்க்கு இயல்பாகவே அளிக்கப்பட்ட வீரத்தலைமையை அவர் தம் சொந்தப் பாத்திரத்திலேயே தேடினார் என இதனைக் கொள்ளலாம். பார்வையாளர் அவரை அன்புடன் வரவேற்றது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் என்பதை இப்படத்தின் தோல்வி காட்டிக்கொடுத்தது. மறுபார்வையில் ஏமாற்றத்தின் ஒரு பங்கு பார்வையாளரையும் சார்கிறது.

ஆயினும் அந்த விருப்பத்துக்கு உரிய கதை எழுதப்படவில்லை. முதிர்ந்த ஆக்சலைக் காட்ட வேண்டுமாயின், நாவால் வென்றவன் நாவடங்கும் காரணத்தைக் கதை கூறியிருத்தல் வேண்டும். ஸ்டீவன் டிசூசாவின் திரைக்கதை பழைய குறும்பனுக்கான வாய்ப்புகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நடிகர் அவற்றைக் கடந்து செல்கிறார். காலியாக விடப்பட்ட அவ்விடங்களே முதற்பார்வையில் சலிப்பாகத் தோன்றியவை.

மெய்த்தாளும் கள்ளநோட்டும்

கதையின் மையக் குற்றம் கள்ளநோட்டு அச்சடித்தல். குற்றவாளிகள் நாணயம் அச்சிட அரசு பயன்படுத்தும் மெய்த்தாளையே திருடி, பூங்காவின் மூடப்பட்ட பகுதியில் நோட்டு அச்சிடுகின்றனர். தாள் மெய், அச்சு போலி. மறுபார்வையில் இக்குற்றம் படத்தின் தன்னிலை விளக்கமாகவே தோன்றுகிறது. ஆக்சல் என்னும் பெயர், டெட்ராய்ட் சட்டை, பழகிய இசைமெட்டு, மர்ஃபி ஆகிய அனைத்தும் மெய்யே. அத்தாளின்மேல் பதிந்த அச்சு மட்டும் முதற்படத்தினுடையது அன்று.

முதனூலோடு பெரிதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் ஏற்று, மரபு அழியாமல் அமைவது வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. இதில் வேறுபாட்டுக்கு இசைவு உண்டு, எல்லையும் உண்டு. களமும் பாத்திரத்தின் பருவமும் மாறியது விகற்பம், அது ஏற்கத்தக்கதே. எள்ளுவோன், எள்ளப்படும் ஒழுங்கு என்னும் உறவு அறுந்தது மரபழிவு. மூன்றாம் படம் வழிநூலாகத் தவறியது இவ்விடத்தில்தான்.

முடிவுரை

30 ஆண்டுகளுக்குப்பின் 2024-இல் மார்க் மொல்லாய் இயக்கத்தில் வெளிவந்த நான்காம் படம், 1994-ஆம் ஆண்டு நிகழ்வை ஆக்சலின் பெருமைக்குரியதன்று என ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே கேலி செய்கிறது. தொடரே தன் தோல்வியை எள்ளலுக்கு இலக்காக்கிக்கொண்டது. அதில் டாகர்ட் மீண்டும் தோன்றுகிறார். முதுமையும் பிரிந்த மகளுடனான பிணக்கும் ஆக்சலின் நகைக்கு எதிர்நிற்கின்றன. மூன்றாம் படம் தேடிய முதிர்ச்சிக்கு நான்காம் படத்திலேயே ஒரு கதை வாய்த்தது.

வெற்றிபெற்ற படைப்பில் இலக்கணம் உள்ளடங்கியிருக்கும். தவறிய படைப்பிலோ அது வெளிப்பட்டு நிற்கும். முதற்படம் ஏன் சிரிக்கவைத்தது என்பதை அதைவிடத் தெளிவாக மூன்றாம் படம் உணர்த்துகிறது. ஏமாற்றம் தந்த படைப்பை ஒருமுறை கண்டு ஒதுக்குவது சுவைஞர்க்குரிய உரிமை. மறுமுறை கண்டு காரணம் கூறுவது திறனாய்வாளர்க்குரிய கடமை. அக்கடமையைச் செய்தபின்னும் இப்படம் குறையுடையதாகவே நிற்கிறது. ஆனால் அக்குறை, சிரிப்பு மூட்டும் ஒருவனைச் சிரிப்பின்றியும் ஏற்க உலகம் ஆயத்தமா என்னும் வினாவை உடன்கொண்டு நிற்கிறது.